வேலைக்குப் போகிறவனை வேலை பழக அனுப்பும் சுற்றறிக்கை: துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் அகாடமிக் கவுன்சில் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லாரும், ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களும்கூட, பகலில் வேறொரு நிறுவனத்தில் பணியிடப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று வந்த சுற்றறிக்கை குறித்து எழுதுகிறேன். எந்தச் சுற்றறிக்கை என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பகலில் வேலை பார்ப்பவர்கள் படிக்கும் இரவுக் கல்லூரிகளிலிருந்து அதைப் பற்றி வந்த கடிதங்கள் பதிவாளர் அலுவலகத்தில் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதிய என் கடிதமும் அவற்றில் ஒன்று, பதில் வரவில்லை. இதைத் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் என் வகுப்பில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுடைய அப்பா அம்மாவும் இதைப் படிக்க வேண்டும். உங்களுக்கு ஆங்கிலப் பிரதி தனியாக வரும்.

கேட்பது ஒன்றுதான். அந்தச் சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள். படிப்பு விஷயங்களை முடிவு செய்யும் அகாடமிக் கவுன்சிலில் முறையாக விவாதத்துக்கு வையுங்கள். விவாதம் நடக்கும்போது இரவுக் கல்லூரி ஆசிரியரும் மாணவரும் அந்த அறையில் இருக்க வேண்டும்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டி மகாராஷ்டிரத்தில் வந்த பட்டப்படிப்பு அமைப்பில் ஓ.ஜே.டி. எனப்படும் இந்தப் பணியிடப் பயிற்சிக்கு 4 கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் படிப்புப் புள்ளி. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம், ஆக 120 மணி நேரம். அலுவலக வாசலையே மிதித்திராத பகல் கல்லூரிப் பிள்ளைக்கு அது நல்லதுதான். ஆனால் நம் சுற்றறிக்கை அதற்கு மேல் மூன்று நிபந்தனை போடுகிறது. பயிற்சி காலை பத்திலிருந்து மாலை ஐந்துக்குள் நடக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் ஊழியர்கள் உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். மாணவர் ஏற்கெனவே சம்பளம் வாங்கும் இடமோ குடும்பத் தொழிலோ கணக்கில் சேராது. இதை எழுதியவருக்கு இரவுக் கல்லூரி என்று ஒன்று இருப்பதே தெரியாது போலிருக்கிறது. தெரிந்தே எழுதியிருந்தால் அது இன்னும் மோசம்.

என் வகுப்பில் ஒரு பையன். பி.காம். கடைசி வருடம். தாராவியில் தோல் பை தைத்து விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். தைப்பவர்கள் நாலு பேர், தோல் வெட்டுபவர் ஒருவர், முதலாளி, அப்புறம் இவன். கொள்முதல் பில், விற்பனை பில், வங்கிக் கணக்கு எல்லாம் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது இவன்தான். மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரத்தையும், 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிச் சுருக்கத்தையும் தாக்கல் செய்வதும் இவன்தான். பட்டுவாடா தாமதமாகும் வியாபாரிகளிடம் இந்தியில் ஒரு மாதிரி, மராட்டியில் ஒரு மாதிரி பேசிப் பணம் வாங்குகிறான். நான் பாடப்புத்தகத்தை வைத்து நடத்தும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் கணக்கை, அவன் அன்று மதியம்தான் சரிபார்த்துவிட்டு வந்திருப்பான். வகுப்பில் பல சமயம் அவன் எனக்குச் சொல்லித்தருகிறான், அதில் எனக்கு வெட்கமில்லை. கடையைப் பூட்டிவிட்டு, ஒரு வடாபாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறரைக்கு வகுப்புக்கு வருகிறான். பத்து மணி வரை இருக்கிறான்.

இந்தப் பையன் கணக்கு வேலை கற்றுக்கொள்வதற்காகத் தன் கணக்கு வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்கிறது பல்கலைக்கழகம்.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் இருபது வேலை நாள். வார விடுமுறையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மாதம். கடை முதலாளி கெட்டவர் இல்லை. "போயிட்டு வாப்பா, ஆனா அந்த மாசச் சம்பளம் கிடையாது. அதுக்குள்ள வேற ஆள் கிடைச்சா அவர்தான் இருப்பார்" என்று நேராகச் சொல்லிவிட்டார். அவர் நிலைமையில் வேறென்ன சொல்ல முடியும்? பையன் வீட்டு வாடகை அவன் சம்பளத்திலிருந்துதான் போகிறது. மாட்டுங்காவில் புடவைக் கடையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கும் இதே கதை, என்ன, அவள் பயிற்சிக் காலம் தீபாவளி விற்பனையோடு மோதுகிறது.

பையன் இதைக் கேட்க அலுவலகக் கவுன்ட்டருக்குப் போனான். "எதாவது ஒரு கம்பெனி சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்து குடு" என்று பதில் வந்தது. அந்த சர்டிஃபிகேட் எங்கே என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது எல்லா மாணவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், உங்கள் அலுவலகத்துக்கும் தெரியாமல் இருக்காது. நாணயமாக உழைக்கிறவனின் வேலையை ஏற்க மாட்டோம், போலிக் காகிதத்தை ஏற்போம் என்பதுதான் நடைமுறையில் இந்தக் கொள்கை. நானறிந்து அவன் இன்னும் வாங்கவில்லை. எத்தனை நாள் தாங்குவான் என்று தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், மேலே உள்ளவர்களே இப்படிக் கேட்கவில்லை. 2023-இல் வந்த தேசிய கிரெடிட் அமைப்பு, வேலை அனுபவத்துக்கும் கிரெடிட் தரலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. டில்லி திறந்துவைத்த கதவை மும்பையில் நாம் சாத்திவிட்டோம். ஏன் சாத்தினோம், யார் சாத்தினார்கள் என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்டுபிடிக்க முயற்சி செய்தேன். வணிகவியல் பாடத்திட்டக் குழுவில் இருக்கும் நண்பர்களைக் கேட்டால், எங்களிடம் வரவே இல்லை என்கிறார்கள். அகாடமிக் கவுன்சில் உறுப்பினர் ஒருவரைக் கேட்டேன். டேபிள் ஐட்டமாக வந்தது என்றார். அதாவது முன்கூட்டி அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் இல்லை. கூட்டம் முடியும் நேரத்தில் கையில் ஒரு தாள் கொடுத்து, துணைவேந்தர் அவசர அதிகாரத்தின் கீழ் ஏற்கெனவே எடுத்த முடிவு, ஒப்புதலுக்காக, என்று வாசித்தார்களாம். அதற்குள் சுற்றறிக்கை கல்லூரிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தாலி கட்டி முடித்த பிறகு ஜாதகத்தைக் கையில் கொடுத்த மாதிரி.

மகாராஷ்டிரப் பொதுப் பல்கலைக்கழகச் சட்டம் 2016 துணைவேந்தருக்கு அவசர அதிகாரம் தருகிறது, மறுக்கவில்லை. உடனே செய்தாக வேண்டிய நெருக்கடி இருந்தால் செய்துவிட்டு, காரணத்தை உரிய குழுவிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்து தேர்வைத் தள்ளிவைப்பதற்கு அது பொருந்தும். மும்பையில் வருடா வருடம் அதற்குத் தேவை இருக்கிறது. அடுத்த பருவத்தில் தொடங்கப்போகும் பயிற்சிக்கு என்ன நெருக்கடி? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதைத்தான் கேட்டேன். "முடிவு விதிகளின்படி எடுக்கப்பட்டது" என்று ஒரு வரிப் பதில் வந்தது. நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. உண்மையில் நான் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அது பற்றிய விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களுக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. நம் இணையதளத்தில் பட்டமளிப்பு விழாப் படங்கள் இருக்கின்றன. கூட்டக் குறிப்புகளைக் காணோம்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஒரு முறை பார்த்திருக்கிறது. 2017-இல் மும்பைப் பல்கலைக்கழகம் விடைத்தாள்களை ஸ்கேன் செய்து திரையில் திருத்தும் முறையை ஒரேயடியாகக் கொண்டுவந்தது. ஏற்பாடு போதாது என்று ஆசிரியர்கள் சொன்னது காதில் விழவில்லை. ஜூலை 31-க்குள் முடிவுகளை வெளியிடச் சொல்லி வேந்தரான ஆளுநர் கெடு விதித்தும் வேலை முடியவில்லை. மேற்படிப்புக்கு இடம் கிடைத்தும் மதிப்பெண் பட்டியல் இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தர் பதவிநீக்கம் செய்யப்பட்டார். அவர் போனார், சரி. அந்த வருடத்தை மாணவர்களுக்கு யார் திருப்பித் தந்தார்கள்? நம்முடையது வேறு பல்கலைக்கழகம், விஷயமும் சின்னது என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு மாதச் சம்பளம் சின்ன விஷயமாக இருக்கும் வீடு வேறு.

கலந்தாலோசனை நடக்கவே இல்லை என்று சொன்னால் அநியாயம். நடந்தது. "பங்குதாரர் சந்திப்பு" என்று பேனர் கட்டி, பூங்கொத்து கொடுத்து, தொழிலதிபர்களோடு படம் எடுத்தீர்கள். கூகுள் படிவம் ஒன்று அனுப்பினீர்கள். ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது அது. குறை சொல்லக் கட்டம் இல்லை. சி.ஹெச்.பி. ஆசிரியர்களுக்கு அந்தப் படிவமும் போகவில்லை. வகுப்பெடுத்த மணிக்கு மட்டும் காசு வாங்கும் அவர்கள்தான் எங்கள் கல்லூரியில் பாதிப் பாடத்தை நடத்துகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பிரதிநிதிகள் அவையான செனட்டுக்கு நடக்கும் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டும் கிடையாது. ஓட்டு உள்ளவர்கள் நிலைமை மட்டும் என்ன வாழ்ந்தது? மும்பைப் பல்கலைக்கழக செனட்டில் பட்டதாரிகள் ஓட்டுப் போடும் தொகுதிக்கான தேர்தல் 2023-இல் அறிவித்த பிறகு நிறுத்தப்பட்டது. கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 செப்டம்பர் 24-ஆம் தேதி நடந்தது. பத்து இடத்துக்கு ஓட்டுப் போடக்கூட ஹைகோர்ட் படியேற வேண்டியிருக்கிறது. மாணவர் பேரவைத் தேர்தலுக்கு 2016 சட்டம் மறுபடி வழிவிட்டது என்கிறார்கள். என் மாணவர்கள் யாரும் இதுவரை ஒரு வாக்குச்சீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அதற்குள் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் குழு வந்தால் "ஜனநாயகப் பங்கேற்பு" என்ற தலைப்பில் கோப்பு மட்டும் தயாராக இருக்கும். வாசலில் பூந்தொட்டிகளும்தான்.

சரி, விஷயத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மீது தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. நிதி இல்லை, ஆள் இல்லை, மாநிலத் தலைமைச் செயலகமான மந்திராலயத்திலிருந்து ஜி.ஆர். மேல் ஜி.ஆர். என்று அரசாணை வருகிறது, எல்லாம் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், எங்களைக் கேட்டிருந்தால் உங்கள் வேலை குறைந்திருக்கும். மாணவர் வேலை பார்க்கும் இடத்துக்கே ஓர் ஆசிரியர் போய்ப் பார்க்கட்டும். முதலாளியிடம் கையெழுத்து வாங்கட்டும். மாணவர் தான் செய்யும் வேலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதட்டும், வாய்மொழித் தேர்வில் அதை நாங்கள் துருவித் துருவிக் கேட்கிறோம். 4 கிரெடிட்டுக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. வேறு யாருக்காவது தெரிந்தால் கூட்டத்தில் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள். அகாடமிக் கவுன்சிலின் அடுத்த கூட்டத்தில், தாள்களை உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி, விவாதத்துக்கு வையுங்கள். கூட்டக் குறிப்பை இணையதளத்தில் போடுங்கள். இரவுக் கல்லூரிகளிலிருந்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் அழையுங்கள். கூட்டத்தை மட்டும் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாள்களில் என் மாணவர்களுக்கு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
இரவுக் கல்லூரி வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
மும்பை