ஒரு வரிக்குள் அடைபட்ட சொராப்ஜி: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு பள்ளியின் வினாடி வினாவுக்கு நடுவராகப் போயிருந்தேன். "இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் யார்?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு சிறுமி, "கொர்னேலியா சொராப்ஜி" என்றாள். ஒரே கைதட்டல். மேடையை விட்டு இறங்கியவளிடம், "அவர் என்ன வேலை பார்த்தார், கண்ணு?" என்றேன். "புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கிறது, மேடம்" என்றாள். அந்தப் புத்தகம் தங்களுடையது.

1892இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதியவருக்குப் பட்டம் கைக்கு வர முப்பது ஆண்டுகள் ஆன கதை தாங்கள் அறியாததல்ல. என் ஆதங்கம் 1904 முதல் 1922 வரை அவர் பார்த்த அரசுப் பணியைப் பற்றியது.

வாரிசு மைனராக இருந்த ஜமீன்களையும் விதவைகளின் எஸ்டேட்டுகளையும் நிர்வகித்த 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' துறையில், வங்காளத்தில் அவர் சட்ட ஆலோசகர். அந்த வீட்டுப் பெண்கள் கோஷா. அந்நிய ஆணின் முன் வரக்கூடாது. வக்கீல்களோ அத்தனை பேரும் ஆண்கள். திரைக்கு அப்பாலிருந்து நீட்டப்படும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல யார் இருந்தார்கள்? சொராப்ஜி உள்ளே போனார். படகிலும் பல்லக்கிலும் போய், பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் குறையைக் கேட்டார். ஆனால் வழக்கு நீதிமன்றம் ஏறினால், வாதாடும் உரிமை அவருக்கு இல்லை. பணிக்காலத்தின் பெரும்பகுதி இப்படித்தான். எல்லாம் தெரிந்தவர் வெளியே. கட்சிக்காரியின் முகத்தையே பார்த்திராதவர் உள்ளே.

நானும் அரசு வழக்கறிஞராக இருந்தவள். நாம் எழுதிக் கொடுத்த குறிப்பை வேறொருவர் வாசித்துப் பாராட்டு வாங்குவதைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பது எப்படியிருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

1923இல் சட்டம் மாறியது. மறு ஆண்டு கல்கத்தாவில் பாரிஸ்டராகத் தொழில் தொடங்கியபோது அவருக்கு வயது 57. இதற்கெல்லாம் புத்தகத்தில் இடமில்லை. 'முதல் பெண்' பட்டியலுக்கு மட்டும் இடமிருக்கிறது. முதல் பெண் மருத்துவர், முதல் பெண் விமானி என்று மளிகைக் கடைச் சிட்டை மாதிரி. மார்ச் 8 வந்தால் ஒரு கோலப்போட்டி, கூடவே இந்தச் சிட்டையிலிருந்து பத்துக் கேள்விகள், பரிசாக ஓர் எவர்சில்வர் டப்பா. பெண்ணினம் உய்ந்தது! மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

அவரைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. காந்தியின் இயக்கத்தை எதிர்த்தவர், ஆங்கில ஆட்சியை ஆதரித்தவர். அதையும் எழுதுங்கள், பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். அடுத்த பதிப்பில், அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்கு ஒரு பக்கம். படம்கூட வேண்டாம். அந்தச் சிறுமி வரும் ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். அதற்குள் முடியுமானால், தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு வழக்கறிஞர் ஒருவர்