மீன் காட்சிக்கூடம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் சங்கத்து அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. டிசம்பரில் மட்டும் கூடவில்லை. காரணம் அந்தப் புயல், உங்களுக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே, எனக்குத் தந்த நேரம் முழுவதையும் கூடத்துக்கும் மீன்களுக்குமே எடுத்துக்கொள்கிறேன்.

போன பொதுக்குழுவில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒரு தீர்மானம் போட்டோம். வெளிநாட்டு மீன்களைப் படிப்படியாகக் குறைப்பது. நம் கடலூரைச் சுற்றியுள்ள கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் உப்பனாற்றிலும் பெருமாள் ஏரியிலும் வாழ்கிற நம்மூர் மீன்களுக்கு முன்வரிசையைக் கொடுப்பது. அரோவானாவும் ஆஸ்கரும் இல்லாவிட்டால் பிள்ளைகள் வருவார்களா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் அன்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் இந்த அறிக்கையில் இருப்பதாக நம்புகிறேன்.

முதல் வேலை, நுழைவாயிலை ஒட்டி இருந்த நான்கு சின்னத் தொட்டிகளை எடுத்துவிட்டு ஒரே நீளத் தொட்டி வைத்தது. 8 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். நிரப்பினால் சுமார் 900 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு டன் கனம். அதற்காக இரும்பு ஸ்டாண்டை மாற்றினோம், மேலே பிளைவுட் பலகை போட்டு அதன்மேல் தெர்மாகோல் விரித்தோம். தொட்டி செய்து கொடுத்தவர் சிலிக்கான் நன்றாகக் காயும் முன்பே கொண்டுவந்து இறக்கிவிட்டார். நிரப்பிய இரண்டாம் நாள் காலையில், இடது கீழ் மூலையில் நூல் கட்டியது போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கைவிரலை வைத்தால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மொத்தத் தண்ணீரையும் இறைத்து, பழைய சிலிக்கானை பிளேடால் சுரண்டி எடுத்து, மறுபடி பூசி, ஒரு வாரம் காயவிட்டோம். கூலியில் ஒரு பகுதியை அவர் திருப்பித் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதன்பிறகு ஐந்து வாரம் அந்தத் தொட்டியில் மீன் விடவில்லை. தண்ணீர் மட்டும் ஓடியது. பார்வையாளர்கள் பலர் குறைப்பட்டார்கள், உறுப்பினர்களிலும் சிலர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை விளக்கிவிடுகிறேன். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. பில்டரில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதை வாராவாரம் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இந்த பாக்டீரியாக் கூட்டம் பெருக வாரக்கணக்கில் ஆகும். பழைய தொட்டியின் ஸ்பாஞ்சை புதுத் தண்ணீரில் பிழிந்து, ஒரு துண்டு இறாலை அழுகப் போட்டுக் காத்திருந்தோம். சோதனைக் குழாய் முதலில் பச்சையாகக் காட்டியது, நாளாக ஆக வெளிறியது, ஐந்தாம் வாரம் சுத்த மஞ்சள். அம்மோனியா இல்லை என்பதற்கு அந்த மஞ்சள்தான் அடையாளம். அன்று மாலைதான், உப்பங்கழிகளில் வாழும் கறிமீன்களில் முதல் சிலவற்றை விட்டோம்.

இப்போது அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். பெரிய கறிமீனோடு, அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆரஞ்சு நிறச் சின்ன மீனையும் விட்டிருக்கிறோம். பெரியது அசையாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். சின்னவை வந்து அதன் செதிலையும் துடுப்பையும் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். மாலையில் பத்து நிமிடம் நின்றால் பார்த்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் நகர மறுக்கிறார்கள்.

பெயர்ப் பலகைகள் எல்லாவற்றையும் மாற்றினோம். முன்பு ஆங்கிலப் பெயரும் லத்தீன் பெயரும் மட்டுமே இருந்தன. மீன் விற்கிற அம்மா ஒருவர் பேரனோடு வந்து, உவர்நீர்த் தொட்டியைப் பார்த்து, "என்ன தம்பி, நம்ம கொடுவாவுக்கு எதுக்கு இந்தப் பேரு?" என்று கேட்டார். அன்றே முடிவு செய்தோம். இப்போது கொடுவா, மடவை, விரால், பனையேறிக் கெண்டை, விலாங்கு, பேத்தை எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். ஜிலேபிக் கெண்டைக்கு மட்டும் பலகையில் கூடுதலாக இரண்டு வரி: அது நம்மூர் மீன் அன்று, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, 1952இல் இந்தியாவில் விடப்பட்டது. இதைப் படித்துவிட்டு வாதம் செய்யாதவர்கள் குறைவு.

இனி புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மின்சாரம் அதற்கு முன்பே போய்விட்டது. இன்வெர்ட்டர் முதல் இரவு தாங்கியது. பிறகு பேட்டரி ஏர் பம்புகள், அதுவும் தீர்ந்த பிறகு கைதான். மக்கால் மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினால் தண்ணீரில் காற்று கலக்கும். அதையே முறைவைத்துச் செய்தோம். சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, சொந்த வீட்டில் முழங்கால் தண்ணீர் நின்ற உறுப்பினர்கள்கூட வந்து மொண்டு ஊற்றினார்கள். அவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. இந்தச் சங்கம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

மடவைகள் அனைத்தும் இரண்டாம் நாளே போய்விட்டன. கடல்நீர்த் தொட்டியில் கோமாளி மீன்களில் பெரியது மூன்றாம் இரவு இறந்தது. உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைவிடக் குறைவாகத்தான் ஆக்சிஜன் கரையும். விராலும் பனையேறிக் கெண்டையும் ஒன்றுகூடச் சாகவில்லை. மேலே வந்து வாயைத் தூக்கி ஒரு மிடறு காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி கீழே போகும். நம் ஏரிகளில் கோடைக்குத் தண்ணீர் வற்றிச் சேறாகும்போதும் அப்படித்தானே பிழைக்கின்றன.

இரண்டு கறிமீன்கள் இறந்தது என் தவறு. மின்சாரம் வந்ததும், சந்தோஷத்தில் கேனிஸ்டர் பில்டரை, அதாவது மூடிய டப்பாவுக்குள் இருக்கும் பில்டரை, அப்படியே போட்டுவிட்டேன். மூன்று நாள் மூடிக் கிடந்த பில்டருக்குள் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா செத்து அழுகியிருந்தது. கறுப்பாக வந்த அந்தத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் போனது. திறந்து கழுவிவிட்டுப் போட்டிருக்க வேண்டும். இனி இது நடக்காமலிருக்க ஒவ்வொரு பில்டர் மேலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

புயலுக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் கடல்நீர் எடுக்க முடியவில்லை. ஆற்று வெள்ளம் கலந்து கலங்கியிருந்தது, உப்பும் குறைந்திருந்தது. ஜனவரி வரை உப்பு வாங்கிக் கலந்தே ஓட்டினோம். செலவுக் கணக்கில் அந்த வரி கனமாக இருப்பது அதனால்தான்.

கோமாளி மீன் பற்றி ஒரு நல்ல செய்தி. இந்த மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும். கூட்டத்தில் பெரியது மட்டும் பெண். அந்தப் பெண் இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறும், அதற்கடுத்த சிறியது ஜோடி ஆணாகும். நம் தொட்டியில் மிச்சமிருந்த இரண்டும் அப்படியே மாறின. மார்ச் முதல் வாரத்தில், தொட்டிக்குள் வைத்திருந்த மண்சட்டியின் உட்புறத்தில் ஆரஞ்சு நிற முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஆண் மீன் நாள் முழுக்க துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. குஞ்சுகளைக் காப்பாற்ற இந்த முறை நம்மால் முடியவில்லை. அவற்றுக்குக் கொடுக்க வேண்டிய நுண்ணிய உயிர்த்தீனி நம்மிடம் இல்லை. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையத்துக்கு உறுப்பினர்களை அழைத்துச் சென்று இதைக் கற்றுவர வேண்டும் என்பது என் விருப்பம்.

வெளியிலிருந்து வந்தவை: அரோவானாவையும் ஆஸ்கர்களையும் தகுதியான வளர்ப்பாளர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். ஆனால் வீட்டில் வளர்க்க முடியாமல் செங்காது ஆமைகளையும் டேங்க் கிளீனர் மீன்களையும் வாளியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். எங்களிடம் இடம் இல்லை என்பதற்காக அவற்றைக் கெடிலத்தில் விட்டுவிடவும் கூடாது. விட்டால் நம்மூர் மீனின் முட்டையையும் இரையையும் அவை தின்றுவிடும்.

பிப்ரவரியில் பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலில் உயிருள்ள கடல்குதிரை ஒன்றைக் கொண்டுவந்தான். அப்பாவின் வலையில் சிக்கியதாம். வயிற்றில் பை உப்பியிருந்தது, குஞ்சு சுமக்கிற ஆண். காட்சிக்கு வைத்தால் ஊரே வரும். ஆனால் 2001இலேயே கடல்குதிரையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள்; யானையும் புலியும் இருக்கும் அதே அட்டவணை. அவனையே பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போய், அவன் கையாலேயே கடலில் விடச் செய்தோம். இப்போது சனிக்கிழமைதோறும் வந்து கண்ணாடி துடைத்துக் கொடுக்கிறான்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு சிறிய ஜெனரேட்டர் வாங்க ஒப்புதல் வேண்டும். இரவு முறைக்குப் பெயர் தரும் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்ல வேண்டும். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்
கடலூர்