செயலாளரின் ஆண்டறிக்கை: ஜெய்சங்கர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சந்தா கட்டிய, கட்டாத எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வருடம் முழுக்க ஒரே நடிகரின் படங்களைத் திரையிடுவது என்று போன பொதுக்குழுவில் முடிவானதும், எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று சங்கம் பிளந்துவிடுமோ என்று தலைவர் பயந்தார். அதனால்தான் ஜெய்சங்கர். அவர் வந்ததும் அந்த இருவருக்கும் நடுவில்தான். 1965 பொங்கலுக்கு எம்.ஜி.ஆரின் எங்க வீட்டுப் பிள்ளையும் சிவாஜியின் பழநியும் வெளியான அன்றே, ஜோசப் தளியத்தின் இரவும் பகலும் படத்தில் அறிமுகமானார். அந்தக் கூட்டத்திலும் நசுங்காமல் நின்றார்.

அதே ஆண்டு வந்த குழந்தையும் தெய்வமும்தான் நாம் திரையிட்டதில் அதிகம் பேர் பார்த்த படம். பிரிந்துபோன பெற்றோரைச் சேர்த்துவைக்கும் இரட்டைக் குழந்தைகளாகக் குட்டி பத்மினி, அப்பா ஜெய்சங்கர். அறிமுகமான வருடமே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அப்பாவாக எந்தக் கதாநாயகன் நடிப்பான்? 'கோழி ஒரு கூட்டிலே' வந்தபோது முன்வரிசைப் பெண்கள் கூடவே பாடினார்கள். ஒலிபெருக்கி நடுவில் மக்கர் செய்தது, பாட்டு நிற்கவில்லை.

சேலத்துக்காரர்களான நமக்கு அவர்மேல் தனி உரிமை உண்டு. நம்மூர் ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த வல்லவன் ஒருவன், இரு வல்லவர்கள் (இரண்டும் 1966), சி.ஐ.டி. சங்கர் (1970) மூன்றும் அவருக்குத் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்டு' பட்டத்தை நிலைநிறுத்தின. ஏற்காடு சாலையில் இன்று அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவு மட்டும்தான் நிற்கிறது. கதை ஓட்டை என்று இளைய உறுப்பினர்கள் சிரித்தார்கள். சரி, ஓட்டைதான். ஆனால் வெள்ளிக்கிழமை ஹீரோ என்று பெயர் வாங்கும் அளவுக்கு அடுத்தடுத்துப் படங்கள் வந்ததென்றால், பெரிய நட்சத்திரத்துக்குக் காத்திருக்க வசதியில்லாத தயாரிப்பாளர்களுக்கு இவர்தான் கைகொடுத்தார் என்று அர்த்தம்.

என் கட்சி நூற்றுக்கு நூறு (1971). மாணவிகள் உட்பட மூன்று பெண்கள் ஒரு பேராசிரியர்மேல் பழி சுமத்துகிறார்கள். ஜெய்சங்கரின் நல்ல பிள்ளை முகத்தையே இயக்குநர் பாலசந்தர் மூலதனமாகப் போட்டிருக்கிறார்: இவரா செய்திருப்பார் என்று நாமும், செய்திருந்தால் என்று படமும் மல்லுக்கட்டுகின்றன. அவர் நடிக்கவே வேண்டாம், சும்மா நின்றால் போதும் என்றார் பொருளாளர். எனக்கு உடன்பாடில்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு நிற்பது சும்மா நிற்பதாகாது. அன்று விவாதம் நீண்டு, மண்டபக் காவலாளி விளக்கை அணைத்த பிறகும் வாசலில் தொடர்ந்தது.

முரட்டுக்காளை (1980) வேண்டாம் என்று மகளிர் உறுப்பினர்கள் மனு கொடுத்தார்கள். ரஜினிக்கு வில்லனாக அவரைப் பார்க்க மனசில்லையாம். செயற்குழு மனுவைத் தள்ளியது. பதினைந்து வருடம் நல்லவராகவே இருந்தவர் என்பதால்தான் அந்த வில்லத்தனம் எடுபட்டது என்பது என் வாதம். மனு போட்டவர்களில் பாதிப்பேர் வந்து பார்த்தார்கள், பிடிக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஒலிபெருக்கியை மாற்றியாக வேண்டும், அதற்குச் சந்தா பாக்கி வர வேண்டும். அடுத்த ஆண்டுக்கு முத்துராமனா ரவிச்சந்திரனா என்று இன்று வாக்கெடுப்பு. யார் ஜெயித்தாலும் முதல் படம் காதலிக்க நேரமில்லைதான். இருவரும் அதில் இருக்கிறார்கள்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்