சோம்பல் என்று எழுதிவிட்டீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் தன்னம்பிக்கைப் புத்தகங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "வாங்குகிறார்கள், படிக்கிறார்கள், செய்வதில்லை. சோம்பலைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை" என்று அதில் ஒரு வரி. அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

என் வீட்டுக்காரர் ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மூன்று வருடத்துக்கு முன், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய கையோடு, அப்படி ஒரு புத்தகம் வாங்கி வந்தார். தினமும் வரவு செலவு எழுதினால் கடன் அடையும் என்று அதில் போட்டிருந்ததாம். அன்று ராத்திரியே ஒரு நோட்டில் கோடு போட்டு ஆரம்பித்தார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏப்ரல் 17 முதல் ஜூன் 14 வரை ஒரு நாள் விடவில்லை. டீ, பீடி, பிள்ளைக்கு வாங்கிய மிட்டாய் வரை எழுதியிருக்கிறார். தடை முடிந்து கடலுக்குப் போய் வந்த நாளில் "ஐஸ்" என்று மட்டும் இருக்கிறது. நேரே தொகை இல்லை. உப்புத் தண்ணி பட்டு மை பரவியிருக்கிறது. அதற்கப்புறம் வெறும் தாள்தான்.

இவரையா சோம்பேறி என்கிறீர்கள்? காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் ராத்திரி முழுக்க வலை இழுத்து மறுநாள்தான் கரைக்கு வருவார். டீசலும் ஐஸும் கழித்த பிறகுதான் பங்கு. அது எவ்வளவு என்பது மீன் விலை போன பிறகுதான் தெரியும். மாதச் சம்பளத்தில் பத்தில் ஒன்றை முதலிலேயே எடுத்து வையுங்கள் என்று எழுதுகிறவர்கள் இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்த்திருப்பார்களா?

எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்றும் போட்டிருந்தீர்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. முகத்துக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1960-ல் எழுதியது அது. மாறிய முகத்துக்கு நோயாளி பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். கைமாறிக் கைமாறி அந்த 'ஆவது' உதிர்ந்துவிட்டது. 2009-ல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்றில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். எங்கள் தடைக்காலமே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்தான். பழக்கம் கைக்கு வரும் நேரத்தில் அவர் கடலுக்குப் போய்விட்டார்.

நான் 14 வருடமாக மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநர். கடல்பாசி எடுக்கிறவர்கள், கருவாடு விற்கிறவர்கள் என்று 13 பேர். ஒருத்திகூட இந்தப் புத்தகங்களைத் தொட்டதில்லை. ஆனால் புதன்கிழமை சாயங்காலம் சேமிப்புப் பணம் 50 ரூபாய் வந்துவிடும். மற்ற பன்னிரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள் அல்லவா? ஒருத்தி வரவில்லை என்றால் "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று வீட்டுக்கே போய்விடுவோம். புத்தகம் படித்த ராத்திரி, பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிறைவு வருகிறது. விடிந்தால் அதைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. குழுவில் அத்தனை பேர் கணக்குப் பார்க்கிற நானும் அந்த நோட்டு ஏன் நின்றது என்று அவரிடம் ஒரு நாள் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கட்டுரையோடு கலாம் ஐயா படம் வேறு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் நிற்காத ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை, ஒன்றுவிட்ட அண்ணனுக்காக எடுத்துக் கொடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுகளை எதிர்பார்க்க அண்ணன் ஒருவர் இருந்தார். அதை விட்டுவிட்டு கலாம் ஐயா கண்ட கனவை மட்டும் எங்களிடம் சொல்கிறீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் இங்கே ஒரு மண்டபத்தில் ஆளுக்கு 300 ரூபாய் வாங்கிப் பயிற்சி நடத்தினார்கள். எழுந்து நின்று சபதம் எடுத்தோம். வாசலில் புத்தகம் விற்றார்கள். அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று கேட்க ஒருவரும் வரவில்லை. உங்கள் பத்திரிகையும் படகு பிடிபட்ட அன்றைக்குத்தான் எங்கள் கடற்கரையை நினைக்கிறது. தடைக்காலத்தில் நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கக் கேட்டு போன வருடம் நான் எழுதிய கடிதம் உங்கள் பத்திரிகையில் வரவே இல்லை.

சரி, நான் கேட்பது பெரிதில்லை. அந்த 21 நாள் கணக்கைத் திருத்திப் போடுங்கள். ஞாயிறு இணைப்பிதழில் வாராவாரம் நான்கு வரி இடம் விட்டு, தொடங்கியவர்களுக்கு எந்த நாளில், எதனால் நின்றது என்று எழுதச் சொல்லுங்கள். முதல் வாரத்துக்கு, "ஐஸ்" என்று நிற்கும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன், அவருக்குச் சம்மதம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்.