சாயம் உடையும், உப்பு உடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாயக் கழிவுநீரில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிச் சுத்தம் செய்யலாம் என்ற பேச்சு எங்கள் பக்கமும் வந்துவிட்டது. திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தென்னையும் சோளமும் வைத்திருக்கிற விவசாயி நான். இதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

கதிர்வீச்சு என்றதும் ஊரில் பலர் பதறுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். இந்த முறையில் அணு உலையும் இல்லை, கதிரியக்கப் பொருளும் இல்லை. எலக்ட்ரான்களை வேகமாக ஓடவைக்கும் முடுக்கி என்ற கருவிதான், அது மின்சாரத்தில் ஓடுகிறது. அது பாய்ச்சும் எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும் என்பதால், கழிவுநீரை மெல்லிய தாரையாக விடுகிறார்கள். நீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் போன்ற வீரியமான துணுக்குகள் பிறக்கின்றன. அவை சாயத்தின் பிணைப்புகளை அறுத்துவிடுகின்றன. நிறம் போகும். நுண்ணுயிர்களால் தின்ன முடியாத பெரிய மூலக்கூறுகளும் சிறிதாகும். சுவிட்சை அணைத்தால் கதிர்வீச்சும் நின்றுவிடும். தென்கொரியாவின் தேகு சாயப்பட்டறை வளாகத்தில் நாளுக்கு 10,000 கன மீட்டர் கழிவுநீருக்கு 2005லேயே இதை அமைத்தார்கள். சீனாவின் குவாங்டாங்கில் 2020இல் வந்த ஆலைக்கு நாளுக்கு 30,000 கன மீட்டர்.

சரி, நல்ல முறைதான். ஆனால் எங்கள் நிலத்தைக் கெடுத்தது நிறம் மட்டுமா? துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பை எந்த எலக்ட்ரானும் உடைக்காது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இன்று சாயம் தெரியவில்லை, பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாடு வாய் வைப்பதில்லை. கோடையில் சோளத்துக்குப் பாய்ச்சினால் மண்மேல் வெள்ளை பூத்துவிடுகிறது.

அதனால்தான் பயமாக இருக்கிறது. நிறம் போய்விட்டது, இனி ஆற்றில் விடலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனை எங்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. எத்தனையோ வழக்குகளுக்குப் பிறகு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் அது நிலைத்தது. அதில் இம்மியும் தளர்த்தக் கூடாது.

சவ்வு வழியே தண்ணீரைச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வுக்கு முன்னால் இந்த முடுக்கியை வைக்கட்டும். சவ்வு சீக்கிரம் அடைபடாமல் இருக்கலாம், ரசாயனக் கசடும் குறையலாம். பாபா அணு ஆராய்ச்சி மையத்திடம் எலக்ட்ரான் முடுக்கிகள் இருக்கின்றன. திருப்பூரில் பல பட்டறைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவர்கள் சோதனை நடத்தட்டும். நிறம், சி.ஓ.டி. (கரிமக் கழிவின் அளவைக் காட்டுவது), டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு) மூன்றையும் முன்னும் பின்னும் அளந்து, மின்செலவையும் சேர்த்து, நொய்யல் கரை ஊராட்சி அலுவலகங்களில் மாதாமாதம் ஒட்ட வேண்டும். தண்ணீர் எடுக்கும்போது எங்கள் விவசாயிகளில் இருவராவது உடன் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயி,
சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்