கோலுக்காக ஒரு வக்காலத்து

அன்புள்ள மச்சாள்,

இங்கே விடாத மழை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வயலுக்கும் போகமுடியாமல், நீங்கள் பென்டிரைவில் தந்துவிட்டுப் போன ‘சார்ம்ட்’ தொடரோடு, அதுதான் அந்த மூன்று சூனியக்காரச் சகோதரிகளின் அமெரிக்கத் தொடரோடு, கிடந்தேன். கரண்ட் போன நேரம் தவிர.

“கோல் துரோகி, பீபி அவனை அழித்தது சரி” என்று, அந்தச் சகோதரிகளில் ஒருத்தியையும் அவள் காதலித்தவனையும் பற்றிச் சொன்னீர்களே, அதில்தான் எனக்கு வழக்கு.

அவன் கொல்லத்தான் வந்தான், ஓம். 3ஆவது சீசனில் அரச வழக்கறிஞனாக நடித்துக்கொண்டு, சகோதரிகள் மூவரையும் தீர்க்க வந்த பாதி மனிதன், பாதிப் பேய். வந்த இடத்தில் பீபி மேல் காதல். அதுவரை வில்லன் என்றால் வந்து, உறுமி, அந்த எபிசோட்டிலேயே சாம்பலாகிறவன். இவன் சமையலறை வரை வந்துவிட்டான்.

ஆனால் 4ஆவது சீசனில் நடந்தது என்ன? பேய்ப் பாதி போய் வெறும் மனிதனாக நின்றவன், தீமையின் தலைவனிடமிருந்து அந்தப் பெண்களைக் காப்பாற்றத்தான் வேண்டாத சக்தியைத் தன் உடம்பில் ஏற்றினான். தலைவன் அழிந்தான், அவனுடைய சக்தி இவனுக்குள் புகுந்துகொண்டது. பேயோட்டப் போனவனைப் பேய் பிடித்த கதை. எங்கள் ஊரில் ஒருவருக்குப் பேய் பிடித்தால் வேப்பிலை அடிப்போம், நூல் கட்டுவோம், கழிப்புக் கழிப்போம். பேயைத்தான் விரட்டுவோம், ஆளை அல்ல. வீடு நிறைய மந்திரம் தெரிந்த சகோதரிகள் ஒரு நூலாவது கட்டிப் பார்த்தார்களா மச்சாள்? மூவருமாகச் சேர்ந்து கதையை முடித்துவிட்டார்கள்.

கோவலன் செய்ததையெல்லாம் மறந்து அவனுக்காக மதுரையை எரித்தவளுக்கு வற்றாப்பளையில் பொங்கல் வைக்கிறவர்கள் நாங்கள். அதனால்தான் எனக்கு இது பொறுக்கவில்லையோ தெரியாது.

5ஆவது சீசன் வேறு. திரும்பி வந்து, “வேண்டாம்” என்கிறவளை விடாமல் துரத்துகிறான். அது காதல் இல்லை, கரைச்சல். 100ஆவது எபிசோட்டில் அவன் அழிந்தபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அந்த இடத்தில் வழக்கு உங்கள் பக்கம்.

பீபியின் அக்கா பைப்பர், அவள் கணவன் லியோ பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பிள்ளைகள்.

ஆனால் 7ஆவது சீசனில் கோல் ஒரே ஒரு தடவை வருகிறானே, பைப்பர் கண்ணுக்கு மட்டும் தெரிந்துகொண்டு? பீபி காதலைக் கைவிடக்கூடாது என்பதற்காக. அதை ஏன் நீங்கள் எனக்குச் சொல்லவில்லை?

அன்புடன்,
உங்கள் மச்சாள்,
கிளிநொச்சி