சேகருக்கு: 4.8 கிகாஹெர்ட்ஸில் படுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே பெரியவன் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை. என் தலையில் மிச்சமிருந்த முடியும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. நேரில் வரும்போது பார்த்துச் சிரித்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏஎம்டி கம்பெனியின் எஃப்எக்ஸ்-8350 ப்ராசஸர் வெளிவந்த 2012-இல் அதன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன், இப்போது யாரோ கழித்துப்போட்டதை வாங்கி ஓவர்கிளாக் செய்கிறாய், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறாய். பேஷ். உன் மனைவி என்ன சொன்னாள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

4.6 கிகாஹெர்ட்ஸில் 1.425 வோல்ட்டில் ஒழுங்காக ஓடுகிறது, 4.8 பக்கம் போனால் ஹேங் ஆகிறது, வோல்டேஜை 1.475, 1.5, 1.525 என்று ஏற்ற ஏற்ற இன்னும் சீக்கிரம் படுத்துக்கொள்கிறது என்கிறாய். இதில் கடைசியில் சொன்னதுதான் துப்பு. வோல்டேஜ் போதாமல் விழுகிற ப்ராசஸர், கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் கொஞ்சம் நேரமாவது கூடுதலாகத் தாங்கும். உன்னுடையது எதிர்த்திசையில் போகிறது. இன்னும் ஏற்றிப் பார்க்கிறேன் என்று 1.55-க்குப் போய்விடாதே.

முதலில் பஸ்ஸை, அதாவது அடிப்படைத் துடிப்பு வேகத்தை, பழையபடி 200 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவா. அதை மல்டிப்ளையர் என்ற எண்ணால் பெருக்கினால் வருவதுதான் ப்ராசஸர் வேகம். 4.6-ஐ 200-ஐ 23-ஆல் பெருக்கி எடுத்த நீ, மேலே போகும்போது எதற்காக 230-ஐ 21-ஆல் பெருக்கி 4830-க்குப் போனாய்? பஸ்ஸை ஏற்றினால் ப்ராசஸரோடு ராமும் நார்த்பிரிட்ஜும் ஏறிவிடும். 1600 என்று வைத்த ராம் 1840-இல் ஓடும். ராமோடு பேசும் பகுதியான நார்த்பிரிட்ஜ், 2200-இல் இருக்க வேண்டியது, 2530-க்குப் போகும். அங்கே வருகிற கோளாறை ப்ராசஸர் வோல்டேஜ் எப்படித் தீர்க்கும்? எஃப்எக்ஸில் மல்டிப்ளையருக்குப் பூட்டே கிடையாது. 24 என்று போட்டாலே 4800 வந்துவிடும். ராமை 1333-க்கு இறக்கி வைத்துவிட்டுச் சோதித்துப் பார். அப்போது நிற்கிறது என்றால் பழி ராம் மேல்.

அதற்குப் பிறகும் விழுந்தால், என் சந்தேகம் முழுக்க உன் மதர்போர்டில் ப்ராசஸருக்கு வோல்டேஜ் கொடுக்கும் விஆர்எம் மேல்தான். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை ஒன்றரை வோல்ட்டாக இறக்கிக் கொடுப்பது சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் அந்தச் சின்னச் சின்ன மாஸ்ஃபெட்டுகள், விஆர்எம்-இன் மின் சுவிட்சுகள். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும் என்பது நமக்குக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்த கணக்கு. 4.6-இலிருந்து உன் 4830-க்குப் போனால் வேகம் 5 சதவீதம் கூடுகிறது, 1.425-ஐ 1.525 ஆக்கியதையும் சேர்த்தால் மின்செலவு சுமார் 20 சதவீதம் கூடுகிறது. சூட்டில் கசியும் மின்சாரம் அதற்கு மேல். உன்னுடையது நாலு ஃபேஸ் போர்டு, அதாவது அந்தச் சுமையைப் பங்குபோட நாலு வழிதான், விஆர்எம்-க்குச் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கும் இல்லை என்கிறாய். பெட்டியோடு வந்த பழைய கூலரை எடுத்துவிட்டுப் பெரிய டவர் கூலர் போட்டாய் அல்லவா? பழையது கீழ்நோக்கி ஊதும், அந்தக் காற்று மாஸ்ஃபெட்டுகள் மேலும் படும். டவர் கூலர் பக்கவாட்டில் ஊதுகிறது. ப்ராசஸர் குளிர்ந்தது, விஆர்எம் வேகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ப்ராசஸரைக் கணக்குப் போடவைத்து வாட்டும் பிரைம்95 புரோகிராமில் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனையை ஓட்டிவிட்டு வேகத்தைப் பார்த்துக்கொண்டே இரு. நடுநடுவே 1.4 கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்து எழுந்தால் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில், மின்செலவைக் கட்டுப்படுத்தும் ஏபிஎம் என்று ஒன்று இருக்கும், அதுவும் வேகத்தை இறக்கும், அதனால் முதலில் அதை அணைத்துவிடு.) அப்புறம் ஒரு சின்ன ஃபேனை விஆர்எம் மேல் ஊதும்படி வை. ஹேங் ஆகிற நேரம் தள்ளிப்போனால் சந்தேகமே வேண்டாம்.

விழுகிற விதமும் பேசும். ஓட ஆரம்பித்த சில நொடிகளிலேயே பிரைம்95-இல் கோருக்கு ஒன்றாக ஓடும் வொர்க்கர்களில் ஒன்று மட்டும் ரவுண்டிங் பிழை, அதாவது கணக்குத் தப்பு, காட்டி நின்றால், பெரும்பாலும் அந்தக் கோருக்கு வோல்டேஜ் போதவில்லை. நன்றாகச் சூடேறிய பிறகு விழுந்தால் சூடு. நீலத்திரைகூட வராமல் பொட்டென்று அணைந்தால் பவர் சப்ளையைப் பார், ப்ராசஸருக்குப் போகும் 12 வோல்ட் இணைப்பையும் தொட்டுப் பார்.

பயாஸில் எல்எல்சி என்ற வோல்டேஜ் அமைப்பை உச்சத்தில் வைத்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஊர்க்கோடியில் பம்ப்செட் ஓடினால் வீட்டு பல்பு மங்குமே, அதுபோல லோடு ஏறினால் வோல்டேஜ் சற்று இறங்குவது இயல்பு. எல்எல்சி அந்த இறக்கத்தை ஈடுகட்டும். உச்சத்தில் வைத்தால் ஈடு அளவுக்கு மீறிப்போய், லோடு சட்டென்று விலகும் கணத்தில் நீ வைத்ததைவிட மேலே துள்ளும். அந்தத் துள்ளல் திரையில் தெரியாது. நடுத்தரத்தில் வைத்து, லோடில் என்ன வோல்டேஜ் நிற்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடு.

வெப்பநிலையைப் படிக்கும்போது ஒன்று. இந்த ப்ராசஸர் சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை நம்பாதே, அறையைவிடக் குளிராக இருப்பதாகக்கூடச் சொல்லும். லோடில் 60-ஐத் தாண்ட விடாதே.

என்னைக் கேட்டால் 4.6 போதும். ஏஎம்டியே இதே சில்லை 2013-இல் எஃப்எக்ஸ்-9590 என்று விற்றபோது அடிப்படை வேகம் 4.7, டர்போவில் 5, அதற்கு 220 வாட். உன் 8350-க்குக் குறித்திருப்பது 125. அந்த 220-ஐத் தாங்குகிற போர்டுகளே சிலதான், உன்னுடையது நிச்சயம் அதில் இல்லை. குளிர்ச்சி இருந்தால் இந்த எஃப்எக்ஸ் குடும்பம் எங்கே வேண்டுமானாலும் போகும், அது வேறு: 2011-இல் எஃப்எக்ஸ்-8150-ஐ திரவ ஹீலியம் ஊற்றி 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிக் கின்னஸில் ஏற்றினார்கள். உன் அறையில் ஏசிகூட இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பக்கம் வர வேண்டிய வேலை இருக்கிறது. என்னிடம் 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று சும்மா கிடக்கிறது. பஸ்ஸை 200-க்கு இறக்கியதும் என்ன ஆனது என்று எழுது, தேவைப்பட்டால் எடுத்து வருகிறேன்.

உன்,
பாலு